புலிகேசி நாட்டில் நாம யாரு?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். பாளையங்கோட்டையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியையாக இருக்கிறேன். என் பேரும் பள்ளிக்கூடத்துப் பேரும் போட வேண்டாம். பிள்ளைகள் யாராவது உங்கள் தளத்தைப் படித்துவிட்டால் வம்பு.

பரீட்சை முடிந்து லீவு விடுவதற்கு முன்னால் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு ஸ்மார்ட் போர்டில் ஒரு படம் போடுவது எங்கள் வழக்கம். இந்தத் தடவை அவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தது 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி'. அவர்கள் பிறப்பதற்கு முன்னால் வந்த படம். ஆனால் மீம்ஸ் புண்ணியத்தில் வசனமெல்லாம் மனப்பாடம்.

அதில் சாதிச் சண்டைக்கென்றே ராஜா ஒரு மைதானம் திறந்துவைப்பாரே, அந்த இடத்தில் வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு கட்டியிருக்கும் பையன்கள்தான் மற்ற எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்கள். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. படம் முடிந்ததும் பேசச் சொன்னேன். "ராஜா இந்தக் கலர்ல இருக்காருங்கிறதே காமெடிதானே டீச்சர்" என்றான் ஒரு பையன். "பொம்பளைங்களுக்கு இதுல வேலையே இல்ல" என்றது ஒரு பிள்ளை. இன்னொருத்தி மெதுவாக எழுந்து, "இதுல நாம யாரு டீச்சர்?" என்று கேட்டாள். எந்த 'நாம' என்று நான் கேட்கவில்லை. இந்த ஊரில் ஒரு டீச்சர் அதைக் கேட்கவும் முடியாது.

என் மகளோடு 'பார்பி' பார்த்தேன். அதில் எல்லா நிறத்திலும் எல்லா உடம்புவாகிலும் பொம்மைகள் இருந்தன. நம் கற்பனைப் படங்களில் அது ஏன் இல்லை? கேலிப் படத்திலும் எல்லாருக்கும் இடம் வேண்டும் என்று கேட்பது தப்பா? ஸ்டாஃப் ரூமில் சொன்னால், "காமெடிப் படத்துக்குப் போய் இவ்வளவு ஆராய்ச்சியா" என்கிறார்கள்.

அப்புறம், எங்கள் இலக்கிய மன்ற விழாவுக்கு நீங்கள் ஒரு நாள் வர வேண்டும். எப்போது தோதுப்படும் என்று சொல்லுங்கள்.

*

அன்புள்ள டீச்சருக்கு,

முதலில் உங்கள் ஸ்டாஃப் ரூமைப் பார்ப்போம். காமெடிப் படத்தை ஆராயக் கூடாது என்கிறவர்கள், சீரியஸான படம் என்றால் ஆராயலாம் என்று ஒத்துக்கொள்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். 1959-இல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வந்தது. சிரிப்பதற்காக யாரும் அந்தப் படத்துக்குப் போகவில்லை. எட்டப்பன் என்றால் காட்டிக்கொடுப்பவன் என்பதைத் தமிழ்நாட்டின் ஒவ்வொரு ஊருக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தப் படம். இன்றைக்கும் மேடையில் கட்சி மாறியவரைத் திட்ட வேண்டுமென்றால் அந்தப் பேர்தான் முதலில் வாயில் வருகிறது. பாரதி பிறந்த ஊர் எட்டயபுரம். அந்த ஊர்க்காரர் ஒருவர் வெளியூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் தன் ஊர்ப் பேரைச் சொன்னால், ஒருவர் பாரதியைப் பற்றிப் பேசுவார், இன்னொருவர் ஒரு மாதிரிச் சிரிப்பார். பாளையங்களுக்குள் இருந்த பழைய பகை, எல்லைத் தகராறு, அதைக் கும்பெனி தனக்குத் தோதாக வளைத்துக்கொண்டது எல்லாம் போய், ஒரு வசவு மட்டும் ஊர்மேல் ஒட்டிக்கொண்டது. அழவைத்த படமே இந்த வேலையைச் செய்யும் என்றால், சிரிக்கவைக்கிற படம் இன்னும் சுளுவாகச் செய்யும். சிரித்துக்கொண்டிருக்கும்போது யாரும் 'அது எப்படி?' என்று எதிர்க்கேள்வி போடுவதில்லை. ஆகவே உங்கள் ஆராய்ச்சியைத் தாராளமாகச் செய்யுங்கள்.

'இம்சை அரசன்' எனக்குப் பிடித்த படம். 2006-இல் வந்தது. சிம்புதேவனுக்கு முதல் படம். அதற்கு முன்னால் விகடனில் கார்ட்டூன் போட்டுக்கொண்டிருந்தவர். அந்தக் கை படத்தில் தெரிகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் பின்பாதி, வெள்ளைக்காரனுக்குத் தலையாட்டும் ஒரு பாளையம், அதற்குச் சோழபுரம் என்று கற்பனையாக ஒரு பேர். பாளையம் கற்பனை இல்லாத சீமை நம்முடையது. நெற்கட்டுஞ்செவல், பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம், சிவகிரி, ஊற்றுமலை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகலாம். இவற்றில் ஒன்றைத் தொட்டு இப்படி ஒரு கேலிப் படம் எடுத்திருந்தால் ரிலீஸ் தேதிக்கு முன்னாலேயே கலெக்டர் ஆபீஸ் வாசலில் கூட்டம் கூடியிருக்கும். இல்லாத நாட்டைக் கட்டினால்தான் இங்கே ராஜாவைப் பார்த்துச் சிரிக்க முடியும். இதில் ஒரு வசதியும் இருக்கிறது, ஒரு நழுவலும் இருக்கிறது. நழுவலுக்குப் பிறகு வருகிறேன்.

'ராஜா இந்தக் கலர்ல இருக்காருங்கிறதே காமெடி' என்ற பையனின் பேச்சை முதலில் எடுத்துக்கொள்வோம். அவன் பாதி சரி. நம் ராஜா ராணிப் படங்களில் கிரீடம் யாருக்கு, ஈட்டி பிடித்து வாசலில் நிற்பது யாருக்கு என்பது எழுதாத சட்டம். காமெடியன் என்றால் தளபதியின் தோழன், அரண்மனைச் சமையல்காரன், மிஞ்சிப்போனால் பயந்தாங்கொள்ளி இளவரசன். 1958-இல் வந்த 'உத்தமபுத்திரன்' படத்தில் கெட்டவன் ஒருத்தன், நல்லவன் ஒருத்தன் என்று இரட்டைப் பிள்ளைகள், இரண்டும் சிவாஜி. அந்தக் கதையை அப்படியே எடுத்து, இரண்டு வேஷத்தையும் வடிவேலுவுக்குக் கொடுத்தார்கள் சிம்புதேவனும் தயாரிப்பாளர் ஷங்கரும். முதல் காட்சியில் நாம் சிரிப்பது கிரீடமும் அந்த முகமும் ஒட்டாததைப் பார்த்துத்தான். அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

ஆனால் இரட்டையரில் நல்லவன் உக்கிரபுத்தன் வந்த பிறகு என்ன நடக்கிறது என்று பையனைக் கேட்டுப் பாருங்கள். அதே முகம், அதே நிறம், அதே உயரம். வாளைச் சுழற்றுகிறான், சனங்களைத் திரட்டுகிறான். தியேட்டரில் யாரும் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அப்படியானால் முதலில் சிரிக்கவைத்தது நிறம் இல்லை, கோமாளித்தனமான ஆட்சி என்று படம் வாய் திறந்து சொல்லாமலே நம்மை ஒத்துக்கொள்ள வைத்துவிடுகிறது. ஒரே முகத்தை வைத்தே சிரிப்பையும் மரியாதையையும் வாங்கிக் காட்டியது பெரிய காரியம். நம் சினிமாவில் ஒரு கறுத்த காமெடி நடிகருக்கு அதற்கு முன்னால் அந்த இடம் எத்தனை தடவை கிடைத்தது என்று யோசித்துப் பார்த்தால் தெரியும். உங்கள் பையன் முதல் பாதியிலேயே நின்றுவிட்டான், அவ்வளவுதான்.

அந்தப் படம் வரைகிற காட்சி ஞாபகம் இருக்கிறதா? புலிகேசியை ஓவியம் தீட்ட வேண்டும். மன்னர் உடம்பு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். கட்டுமஸ்தான ஒருத்தன் உடம்பை வரைந்து அதன்மேல் ராஜாவின் தலையை வைத்துவிடுகிறார்கள். 'வரலாறு முக்கியம் அமைச்சரே' என்பதை இன்று கல்யாண போட்டோ எடுப்பவர்வரை சொல்கிறார்கள். டீச்சர், பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்குப் போகும்போது சுவர்களைப் பாருங்கள். ஜெயந்தி, குருபூஜை, நினைவு நாள் என்று மாதத்துக்கு ஒரு தலைவர் போஸ்டரில் வருகிறார். முறுக்கிய மீசை, விரிந்த மார்பு, கையில் வாள், பின்னால் ஒரு குதிரை அல்லது சிங்கம். போஸ்டருக்குப் போஸ்டர் மாறுவது முகமும் ஓரத்தில் இருக்கும் கொடியின் கலரும்தான். உடம்பு ஒன்றே. நம் ஊர் பிளக்ஸ் கடைகளில் அந்த உடம்பு கம்ப்யூட்டரில் தயாராக இருக்கிறது. கட்டபொம்மனை நேரில் பார்த்து வரைந்த படத்தை நம்மில் யார் பார்த்திருக்கிறோம்? அவர் என்றதும் நமக்கு வருவது சிவாஜி முகம். கயத்தாற்றில் அவரைத் தூக்கிலிட்ட இடத்துக்குப் பக்கத்தில் நிற்கும் சிலையும் சிவாஜியே நிலம் வாங்கி வைத்ததுதான். அந்த ஓவியக் காட்சி புலிகேசியை மட்டும் கேலி செய்யவில்லை. நம் தெருச் சுவர் முழுவதையும் செய்கிறது. ஆனால் யாருக்கும் கோபம் வரவில்லை. ஒவ்வொருத்தரும் அடுத்த சுவரைச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டோம்.

இனி மைதானம்.

இரண்டு சாதிக்காரர்கள் அடித்துக்கொள்கிறார்கள். ராஜா அதை நிறுத்தவில்லை. ஒழுங்காக அடித்துக்கொள்ள ஒரு மைதானம் ஏற்பாடு செய்கிறார். இந்தக் காட்சியின் குறி யார்? சண்டை போடுகிறவர்கள் இல்லை, மைதானம் போட்டுக் கொடுத்தவன். அதுவரைக்கும் எழுத்து பிரமாதம். ஆனால் சண்டை போடுகிற இரண்டு சாதிக்கும் பேர் கற்பனைப் பேர். அதுவும் எந்த நிஜப் பேரையும் ஞாபகப்படுத்தாத பேர்.

இதே படத்தில் இன்னொரு இடம். வெள்ளைக்காரன் புதுப் பானங்களைக் கொண்டுவந்து விற்கிறான், ராஜாவே அதற்கு விளம்பரம் செய்கிறார். பானங்களின் பேர் அக்காமாலா, கப்சி. எந்தக் கம்பெனியைச் சொல்கிறார்கள் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். நம் ஊர்த் தியேட்டரில் அந்தக் காட்சிக்கு விழுந்த விசிலில் கூடுதலாக ஒரு சூடு இருந்தது. கங்கைகொண்டானில் குளிர்பானத் தொழிற்சாலைக்குத் தாமிரபரணித் தண்ணீரைக் கொடுக்கக் கூடாது என்று இங்கே கூட்டமும் ஊர்வலமும் நடந்த காலம் அது. ஆக, பாதிப் பேரைச் சொல்லி முழு ஆளைக் காட்டும் வித்தை அந்தப் படத்துக்கு நன்றாகத் தெரியும். கம்பெனி விஷயத்தில் மல் துணி போல ஒரு திரை போட்டவர்கள், சாதி விஷயத்தில் கெட்டிப் படுதாவை இழுத்துவிட்டார்கள். நான் நழுவல் என்று சொன்னது இதைத்தான்.

அவர்களை ரொம்பக் குறை சொல்லவும் எனக்கு மனசில்லை. இதே வேலையை ஒரு அரசாங்கமே செய்திருக்கிறது. நீங்கள் அப்போது சின்னப் பிள்ளையாக இருந்திருப்பீர்கள். இந்த மாவட்டத்துக்கு அப்போது நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் என்று பேர். பஸ்ஸிலும் கட்டபொம்மன் பேர்தான். 1997-இல் விருதுநகரை மையமாக வைத்துப் புதிதாக ஒரு போக்குவரத்துக் கழகம் தொடங்கி, அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பேரை வைத்தார்கள். கட்டபொம்மனோடு நின்று போரிட்ட தளபதி, கவர்னகிரிக்காரர், பட்டியல் சாதியில் பிறந்தவர். கட்டபொம்மன் பேர் போட்ட பஸ்ஸில் அத்தனை வருஷம் ஏறி இறங்கியவர்களில் ஒரு கூட்டம், அவருடைய தளபதி பேர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றது. கல் விழுந்தது, பஸ் எரிந்தது, உயிர் போனது. கடைசியில் அரசு என்ன செய்தது? தமிழ்நாடு முழுக்க எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்கள் பேரையும் ஒரேயடியாக எடுத்துவிட்டது. கட்டபொம்மன் போனார், சுந்தரலிங்கம் போனார், சம்பந்தமே இல்லாத மற்ற தலைவர்களும் போனார்கள். நாம் மறுபடி திருநெல்வேலி மாவட்டம் ஆனோம். புலிகேசியின் அமைச்சரவையில் இந்த யோசனை வந்திருந்தால் தியேட்டர் குலுங்கியிருக்கும்.

பேரை எடுத்ததால் சண்டை அடங்கியது என்பது உண்மை. யார் பேருக்கு பஸ்ஸில் இடம் இல்லை என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. படமும் அதையே செய்தது. எல்லார் பேரையும் எடுத்துவிட்டு எல்லாரையும் சிரிக்கவிட்டது. உங்கள் வகுப்பில் கயிறு கட்டிய பையன்கள் அவ்வளவு சத்தமாகச் சிரித்தது உங்களுக்கு உறுத்தியிருக்கிறது. மஞ்சள் சிவப்புக் கட்டினவனும் பச்சை சிவப்புக் கட்டினவனும் திரையில் பார்த்தது எதிராளியை. பேர் இல்லாத இடத்தில் அவனவன் அடுத்தவன் பேரை எழுதிக்கொள்கிறான். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவனைக் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு நீதிபதி சந்துரு குழு போட்டு, அடுத்த வருஷம் அறிக்கை வந்து, கயிறு கட்டக் கூடாது என்று பரிந்துரையும் ஆயிற்று. கயிற்றை அவிழ்க்கச் சொல்வது டீச்சர்களின் வேலை ஆகிவிட்டது. அவிழ்த்த கயிறு சட்டைப் பைக்குள் போகிறது, இல்லையா?

இதனால் படத்தில் நிஜச் சாதிப் பேரை வைத்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. வைத்திருந்தால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், சென்சார் போர்டுக்கும் தெரியும். வேறு வழி இருந்தது. சண்டை போடும் இரண்டு கூட்டத்திலிருந்தும் ஒரு ஆளுக்காவது ராஜாவைப் பார்த்துப் பேச நாலு வரி கொடுத்திருக்கலாம். 'மைதானம் எங்களுக்கு, மண்டபம் உனக்கா?' என்று ஒருத்தன் கேட்டிருந்தால் போதும். கேலிக் கதையில் யாருக்கு இடம் இருக்கிறது என்று பார்க்க நான் ஆஜர் பட்டியல் வாசிப்பதில்லை. யார் வாயில் நக்கல் வருகிறது, அது யாரைப் பார்த்துப் போகிறது, இந்த இரண்டையும்தான் பார்ப்பேன்.

நம் பக்கத்தில் இதற்குப் பழைய சாட்சியே இருக்கிறது. சீவலப்பேரிப் பக்கம் தாமிரபரணியோடு சிற்றாறு வந்து கூடும் இடம்தான் முக்கூடல். அந்த ஊரை வைத்துப் பாடியது முக்கூடற்பள்ளு. பாடநூலில் நாற்று நடும் பாட்டும் ஆற்று வெள்ளமும் நடத்தியிருப்பீர்கள். முழு நூலையும் வாசித்தால் அது ஒரு கேலி நாடகம். பண்ணைக்காரன் வந்து நிற்கும்போதே அவன் உருவத்தைப் பார்த்துக் கூட்டம் சிரிக்க வேண்டும், அப்படிப் பாட்டு. கதையில் பள்ளனுக்கு இரண்டு மனைவிகள். மூத்தவள் முக்கூடல்காரி, பெருமாள் கட்சி. இளையவள் மருதூர்க்காரி, சிவன் கட்சி. ஏசலில் இரண்டு பேரும் ஒருத்தி சாமியை ஒருத்தி கிழிக்கிறார்கள். நாலு முழத் துண்டுக்கு வழியில்லாமல் புலித்தோலைக் கட்டியவர்தானே உன் சாமி என்கிறாள் ஒருத்தி. மரவுரி கட்டிக் காட்டுக்குப் போனவர்தானே உன் ஆள் என்கிறாள் மற்றவள். சைவமும் வைணவமும் மடங்களில் செய்த வாதத்தை வயலில் நிற்கும் இரண்டு பெண்கள் வாயில் போட்டான் புலவன். அவர்களைவிடப் பெரிய வாய் அந்த நூலில் வேறு யாருக்கும் இல்லை.

உடனே ஆகா என்று கொண்டாடிவிடவும் முடியாது. மூத்தவள் புகார் சொன்னதும் பண்ணைக்காரன் பள்ளனைத் தொழுக்கட்டையில் மாட்டுகிறான். அதையும் பாட்டாகப் பாடி, கேட்டவர்கள் ரசித்திருக்கிறார்கள். கட்டையில் கால் மாட்டியவன் வலியில் சிரிப்பு என்ன? கேட்டவர்கள் யார் என்பதை நினைத்தால் புரியும். வாயைக் கொடுத்த புலவன் காலைக் கட்டையில் வைத்துவிட்டான். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு பகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்துக் காட்டினால், ஒரே நூலுக்குள் நக்கல் எங்கே மேல்நோக்கிப் போகிறது, எங்கே கீழே இறங்குகிறது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

பக்கத்து நாஞ்சில் நாட்டில் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் இதைச் சரியாகப் பிடித்தவர். 1949-இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் கிந்தனார் காலட்சேபம் வரும். நந்தனார் கதையையே திருப்பிப் போட்டார். நந்தன் சிதம்பரம் போக ஏங்கினார். கிந்தன் பட்டணம் போய்ப் படிக்க ஏங்குகிறான். பாகவதர் வேஷம், பக்கவாத்தியம், அதே பக்தி ராகங்கள், உள்ளே இருப்பது பள்ளிக்கூடம். சேரிப் பையன்மேல் ஒரு சிரிப்புக்கூட விழாது. நக்கல் எல்லாம் அவனை மறித்தவர்கள் பக்கம். இதில் கிந்தன் வேறு ஆள், கதை சொன்னவர் வேறு ஆள். யாருக்காக யார் பேசலாம் என்று இன்று பெரிய சண்டை நடக்கிறதே, அதற்கு நான் உடனே தீர்ப்புச் சொல்லாமல் தயங்குவது இதனால்தான். தோற்பாவைக் கூத்தையும் பாருங்கள். ராமரும் ராவணனும் பேசி ஓய்ந்த இடைவெளியில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் திரையில் வந்து நம் ஊர்ப் பேச்சில் நாட்டு நடப்பைக் கிழிப்பார்கள். திரைக்குப் பின்னால் எல்லாப் பாவைக்கும் ஒரே ஆள்தான் குரல். அவர் வீட்டில் பேசுவது மராத்தி.

ஆனால் தயக்கம் ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம். எல்லாக் காலத்திலும் எல்லா நக்கலையும் ஒரே தரப்பு ஆட்கள் எழுதிக்கொண்டிருந்தால், எவ்வளவு நல்ல மனசு இருந்தாலும் சில வீட்டு வாசல்கள் அவர்களுக்குத் தெரியாது. தெரியாத வாசலில் போய்ச் சிரிக்கவைக்க முடியாது, சிரிக்கத்தான் முடியும்.

'பொம்பளைங்களுக்கு இதுல வேலையே இல்ல' என்ற பிள்ளைக்கு என் சார்பில் ஒரு பேனா வாங்கிக் கொடுங்கள். படத்தின் பெரிய ஓட்டை அதுதான். இரண்டு கதாநாயகிகள் இருக்கிறார்கள், இருவரையும் எடுத்துவிட்டாலும் கதை நிற்கும். அதைக்கூட நம் சினிமா வழக்கம் என்று விட்டுவிடலாம். மனோரமாவை ராஜமாதாவாக உட்காரவைத்தார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் ஜில் ஜில் ரமாமணியாக நின்று எதிரே நின்ற அத்தனை பெரிய நடிகர்களையும் ஓரங்கட்டிய மனுஷி. ஒரு கேலிப் படத்தில், கோமாளி ராஜாவின் தாயாக அவர் இருக்கிறார். அவருக்குக் கொடுத்த வேலை கவலைப்படுவது. மகனை ஒரு வார்த்தை நக்கலாகக் கேட்க அவரைவிட உரிமை உள்ளவர் அந்த அரண்மனையில் யார்? நம் ஊர் ஆச்சிகள் ஒரு இரட்டை அர்த்தப் பேச்சில் பேரனை உட்காரவைத்துவிடுவார்களே, அந்த வாய்க்கு ஆள் இருந்தும் பூட்டுப் போட்டுவிட்டார்கள். படம் எடுத்தவர்களுக்கு அது தோன்றவே இல்லை என்றுதான் நினைக்கிறேன். மங்குனி அமைச்சருக்குத் தோன்றிய வசனங்கள் ராஜமாதாவுக்குத் தோன்றவில்லை.

'பார்பி' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் சொன்னபடி அங்கே ஜனாதிபதி பொம்மை கறுப்பினப் பெண், டாக்டர் பொம்மை திருநங்கை நடிகை. பொம்மைக் கம்பெனி 1959-இல் தொடங்கிய பொம்மைக்கு, பார்பி என்ற பேரிலேயே ஒரு கறுப்புப் பொம்மை வர 1980 ஆயிற்று என்பதையும் மகளிடம் சொல்லுங்கள். இவ்வளவு பேர் இருந்தும் கதையில் ஊரைவிட்டுக் கிளம்பி, குழம்பி, அழுது, மாறுகிற பொம்மை வெள்ளைக்காரப் பொன்முடிப் பொம்மைதான். மற்றவர்கள் பெரும்பாலும் பின்னணி. ஆனால் ஒரு இடத்தில் அந்தப் படம் என்னை அசத்திவிட்டது. கடைசியில் ஆண் பொம்மைகள் வந்து, உச்ச நீதிமன்றத்தில் எங்களுக்கும் ஒரு இடம் கொடுங்கள் என்கிறார்கள். அதெல்லாம் முடியாது, வேண்டுமானால் கீழ்க் கோர்ட்டில் பார்க்கலாம் என்று பதில் வருகிறது. நிஜ உலகத்தில் பெண்களுக்கு எவ்வளவு அதிகாரமோ, அவ்வளவு ஒரு நாள் இவர்களுக்கும் வரும் என்று பின்னணிக் குரல் சொல்கிறது. இடம் கொடுக்கிற லட்சணத்தையே கேலி செய்தார்கள். இந்தக் காட்சியை இங்கே எழுத ஆள் இருந்தால் சரக்குக்குப் பஞ்சமில்லை. உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-இல் சட்டம் வந்தது. தலைவி பேரில் பலகை, நாற்காலியில் அவர் வீட்டுக்காரர். அப்படி இல்லாமல் தானே உட்கார்ந்து, தானே வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்பது தாழையூத்துக்காரர்களுக்குத் தெரியும். அங்கே தலைவியாக இருந்த பட்டியல் சாதிப் பெண் 2011-இல் வெட்டுப்பட்டு உயிர் தப்பினார்.

அந்தப் பிள்ளை கேட்ட 'இதுல நாம யாரு?' என்பதற்கு வருகிறேன். அந்தப் படத்தில் குடிமக்கள் என்று ஒரு கூட்டம் நிற்கிறது. வரி கொடுக்கிறது, அடி வாங்குகிறது, கடைசியில் உக்கிரபுத்தன் பின்னால் வருகிறது. அவள் எந்த ஊர், எந்தத் தெரு என்று நீங்கள் கேட்காமல் விட்டது சரிதான். எந்தத் தெருவாக இருந்தாலும் அந்தக் கூட்டத்தில்தான் அவள் இருக்கிறாள், அவளுக்கு வசனம் இல்லை. அதை அவளிடம் அப்படியே சொல்லலாம், அவள் தாங்குவாள். இப்படி ஒரு கேள்வி கேட்டவளுக்கு ஆறுதல் சொல்லி உட்காரவைக்க வேண்டாம்.

லீவு முடிந்து வந்ததும் ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள். அந்த மைதானக் காட்சியைத் திரும்ப எழுதச் சொல்லுங்கள். ராஜா அப்படியே இருக்கட்டும், மைதானமும் இருக்கட்டும். நிபந்தனை ஒன்றுதான்: கேலிக்கு ஆளாகிறவர் எழுதுகிற பிள்ளையின் சொந்த வீட்டில் இருக்க வேண்டும். மாமா, சித்தப்பா, பெரியப்பா, போஸ்டரில் போட்டோ போட்டுக்கொள்ளும் அண்ணன், யாராவது ஒருவர். எதிர்வீட்டு ஆளைத் தொடக் கூடாது. பையன்கள் முதல் அரை மணி நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். அப்புறம் எழுதுவார்கள், வீட்டைப் பற்றி இந்த வயசில் நிறைய சேர்த்துவைத்திருப்பார்கள். எழுதியதை வகுப்பில் சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டாம், நீங்கள் மட்டும் வாசியுங்கள். வீட்டுக்குப் போனால் யார் அடி வாங்குவது?

இலக்கிய மன்ற விழாவுக்கு வருகிறேன். ஆடித் தபசு, அம்மன் கோயில் கொடை எல்லாம் கழிந்த பிறகு ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் என்றால் எனக்குத் தோதுப்படும். பொன்னாடை, நினைவுப் பரிசு எதுவும் வேண்டாம். பிளக்ஸ் அடிப்பதாக இருந்தால் என் தலையை மட்டும் போடுங்கள், உடம்பு வேண்டாம். முக்கூடற்பள்ளு உரையோடு மாவட்ட மைய நூலகத்தில் கிடைக்கும். ஏசல் பகுதியை இரண்டு பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்து மேடையில் பேசவைத்தால், என் பேச்சைப் பத்து நிமிஷத்தில் முடித்துக்கொள்கிறேன்.